ஃபர்ஸ்ட் கியரில் ஒரு இமயமலை!

பாத்தலிலிருந்து கிராம்ஃபூ ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சென்னைக்காரர்கள் செங்கல்பட்டு போகிற தூரம். மோட்டார் சைக்கிளில் எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு மணி? நாலு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. எனக்கும் பாபுவுக்கும் இருபது மணி நேரம் ஆயிற்று, நடுவில் ஒரு ராத்திரியையும் சேர்த்து.

ஹிமாசலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கிலிருந்து மணாலிப் பக்கம் இறங்குகிற வழி இது. ரிக்கார்டுப்படி தேசிய நெடுஞ்சாலை 505. நேரில் பார்த்தால் சந்திரா நதி பக்கத்தில் ஓடுகிறது, அதன் கரையில் யாரோ லாரி லாரியாக உருண்டைக் கல்லைக் கொட்டிவிட்டு, 'நிரவ அப்புறம் வர்றோம்' என்று போய்விட்ட மாதிரி இருக்கிறது. ஜூனிலிருந்து அக்டோபர் வரைதான் வழி திறந்திருக்கும். மற்ற மாதங்களில் பனிக்குச் சொந்தம். சில இடங்களில் செப்பனிடுகிறார்கள். அடுத்த பனி வந்து மறுபடி பழைய நிலைமைக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

இதற்கு ஏன் சம்பளப் பிடித்தத்தோடு லீவு போட்டுவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் இரண்டு பேர் போக வேண்டும்?

அதற்குக் கொஞ்சம் முன்கதை தேவை. தொண்ணூறுகளின் கடைசியில் பாபுவிடம் ஒரு யெஸ்டி ரோட்கிங், என்னிடம் ஒரு யமஹா ஆர்.எக்ஸ்.100. இரண்டும் செகண்ட் ஹாண்ட். யெஸ்டியில் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே. உதைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு அதையே மடக்கிவிட்டால் கியர்! இந்தக் காலத்துப் பையன்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்கார்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வற்றிப்போன ஏரிகளிலும், பல்லாவரம், திரிசூலம் பக்கத்துப் பழைய கல்குவாரிகளிலும் வண்டியை விட்டு விளையாடுவோம். ஹெல்மெட் உண்டு. மற்றபடி பாதுகாப்பு என்பது லுங்கிக்குப் பதிலாக ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போவது.

2002-ல் ஒரு குவாரிச் சரிவில் பாபுவின் வண்டி புரண்டு, அவனுடைய இடது கால் வண்டிக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இரண்டு இடத்தில் முறிவு. ஸ்டீல் ராடு வைத்தார்கள். பதினோரு மாதம் ஆபீஸுக்கு ஆட்டோவில் போனான். அவன் அம்மாவுக்கு இப்போது எண்பது வயது. ஊர் பெயர் மறந்துவிட்டது, பேரன் பெயர் சில நாள் மறந்துவிடுகிறது, என்னைக் கண்டால் மட்டும், "நீதானேப்பா அவனைக் கூட்டிக்கிட்டுப் போனே?" என்று கரெக்டாகக் கேட்கிறார்.

யெஸ்டி எடைக்குப் போயிற்று. என் யமஹா, தங்கையின் கல்யாணச் சத்திர அட்வான்ஸாக மாறியது. அதற்கப்புறம் இருவருக்கும் ஸ்கூட்டர். முன்னால் காய்கறிப் பை, பின்னால் டியூஷன் போகும் பிள்ளை. இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது.

மறுபடி ஆரம்பித்தது பாபுதான். ஷொரணூரைச் சேர்ந்த ஹரித் நோவா என்ற மலையாளி 2024 டகார் ராலியில் 'ராலி-2' பிரிவை ஜெயித்த செய்தியைப் பார்த்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு போன் பண்ணினான். டகார் என்றால் இரண்டு வாரம் பாலைவனத்தில் மணலோடும் கல்லோடும் மல்லுக்கட்டுகிற போட்டி. அதில் முதல் இந்தியராக பெங்களூர் சி.எஸ்.சந்தோஷ் 2015-ல் ஓட்டியபோதே இவனுக்கு அரிப்பு தொடங்கியிருக்கிறது. வெளியில் சொல்லவில்லை.

"கால்ல ராடை வெச்சுக்கிட்டு எங்கடா போறே?" என்றேன்.

"ராடு கால்லதானே இருக்கு? கையில இல்லையே!"

வீட்டில் சம்மதம் வாங்கியதைத் தனிக் கட்டுரையாக எழுதலாம். என் மனைவி சண்டை போடவில்லை. "ஏங்க, அந்த டேர்ம் இன்ஷூரன்ஸ் பேப்பர் எந்த ஃபைல்ல இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு சண்டையே தேவலாம்.

நேராக மலைக்குப் போகவில்லை. முதலில் பெங்களூருக்கு வெளியே ஒரு பயிற்சி மைதானத்தில் இரண்டு வார இறுதிகள். சொல்லித் தந்த பையனுக்கு இருபத்துநாலு வயது இருந்தால் அதிகம். "அங்கிள், எழுந்து நில்லுங்க. அங்கிள், தூரத்துல பாருங்க. அங்கிள், வயித்தை உள்ள இழுங்க." கடைசி ஆர்டர் ஓட்டுவதற்கா, போட்டோவுக்கா என்று புரியவில்லை.

ஆனால் பையன் சொன்னது அத்தனையும் தங்கம். கரடுமுரடு வந்தால் சீட்டில் உட்காரக் கூடாது, ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று முழங்காலால் டேங்க்கைப் பிடிக்க வேண்டும். அப்போது நம் எடை சீட்டிலிருந்து கீழே இறங்கிவிடுகிறது. வண்டி அதன் இஷ்டத்துக்குக் கீழே ஆடும், நாம் மேலே ஆடாமல் இருக்கலாம். ஹாண்டில்பாரை இறுகப் பிடித்தால் ஒவ்வொரு கல்லும் தோளுக்கு வந்து புகார் சொல்லும். மிக முக்கியம் கண். எந்தக் கல்லைப் பார்த்து பயப்படுகிறீர்களோ, முன் சக்கரம் சத்தியமாக அதன் மேல்தான் ஏறும். போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் அங்கே போகும். (ஆபீஸில் மேனேஜரைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டு நடப்பதும் இதே டெக்னிக்தான்.)

இதில் ஆச்சரியம் என்னவென்றால், கை கால்களுக்குப் பழசெல்லாம் ஞாபகம் இருந்தது. பாதி க்ளட்ச்சில் வண்டியை ஊர்ந்து போக வைப்பது, பின் சக்கரம் வழுக்கும்போது பதறாமல் விட்டுக் கொடுப்பது... முதல் நாள் மத்தியானத்துக்குள் எல்லாம் திரும்பி வந்தது. வராதது மூச்சு. இருபது நிமிஷம் நின்றுகொண்டு ஓட்டினால் தொடை இரண்டும் தனித்தனியாக ராஜினாமா கடிதம் கொடுத்தன. பாபுவுக்கு வேறு கவலை. வண்டி இடது பக்கம் சாய்ந்தால் அந்தக் காலை ஊன்ற வேண்டும். மைதானத்தில் அவன் ஒரு தடவைகூட ஊன்றவில்லை. சாய்ந்தால் அப்படியே விட்டுவிட்டு விலகிக்கொண்டான். பையன் கவனித்தான், ஒன்றும் சொல்லவில்லை.

2024 செப்டம்பரில் சண்டிகரில் இரண்டு ஹிமாலயன் 411 வாடகைக்கு எடுத்தோம். 2016-ல் வெளிவந்த மாடல். முன் சக்கரம் 21 அங்குலம், தரைக்கும் வண்டி வயிற்றுக்கும் நடுவே 220 மில்லிமீட்டர் இடைவெளி. எடை 199 கிலோ, அதாவது விழுந்தால் ஒரு ஆள் தூக்குவது கஷ்டம். எல்லாம் சென்னைப் பக்கத்தில் பிறந்து, நம் பிள்ளைகளைப் போல வேலைக்காக வடக்கே போன வண்டிகள். என்ஜின் சத்தத்திலேயே கொஞ்சம் தமிழ் கேட்டது.

சிம்லா, கின்னௌர் வழியாகச் சுற்றிக்கொண்டு மெதுவாக ஏறினோம். மணாலியிலிருந்து ஒரே நாளில் குன்ஸும் கணவாய்க்கு ஏறினால் தலைவலி, வாந்தி என்று உயரம் தன் கட்டணத்தை வசூலித்துவிடும். கின்னௌர் வழி என்றால் உடம்புக்கு நாலைந்து நாள் அவகாசம் கிடைக்கும். வழியில் தாபோ. கி.பி. 996-ல் ஏற்பட்ட பௌத்த மடம். வெளியே மண் சுவர், உள்ளே இருட்டில் ஆயிரம் வருஷத்துச் சித்திரங்கள். பாபு அரை மணி நேரம் வெளியே வரவில்லை. பக்தி என்று நினைத்தேன். உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

காஸாவில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். அங்கே விட்டால் மணாலி வரை சுமார் 200 கிலோமீட்டருக்கு பங்க் கிடையாது. லோஸர்தான் ஸ்பிட்டியின் கடைசி ஊர். 'லூஸர்' என்று படித்துவிட்டுச் சிரிக்காதீர்கள். திபெத்திய மொழியில் லோஸர் என்றால் புது வருஷம். அதைத் தாண்டி குன்ஸும், சுமார் 15,000 அடி. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல். வண்டிக்கே மூச்சு வாங்கும். உச்சியில் ஒரு தேவி கோயில். வருகிற லாரி, பஸ், கார் எல்லாம் அதை ஒரு சுற்று வந்துவிட்டுத்தான் கீழே இறங்குகின்றன. நாங்களும் சுற்றினோம்.

அந்தப் பக்கம் இறங்கும் வளைவுகளில் ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றிருந்தது. மூன்று மணி நேரம்! பாத்தல் வந்து சேரும்போது பகல் இரண்டு மணி.

இந்த மூன்று மணி நேரம் ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். பாத்தல் பக்கத்தில்தான் படா ஷிக்ரி இருக்கிறது, ஹிமாசலத்திலேயே பெரிய பனியாறு. அதைச் சுற்றி இன்னும் பல. ராத்திரி எல்லாம் உறைந்து கிடக்கும், வெயில் ஏற ஏற உருகும். காலையில் கணுக்கால் நனைகிற ஓடை மத்தியானம் தொடை வரை வந்துவிடும். பாலம் கிடையாது, சாலைக்குக் குறுக்கே ஓடும். இந்த மலைகளில் சில ஓடைகளுக்கு 'பாகல் நாலா', பைத்தியக்கார ஓடை, என்றே பெயர். விஷயம் தெரிந்தவர்கள் விடிகாலையில் கடந்துவிடுகிறார்கள்.

முதல் ஓடையைத் தாண்டினோம். இரண்டாவதற்கு நடுவில் என் முன் சக்கரத்தின் கீழ் ஒரு கல் உருண்டு, வண்டி அப்படியே பக்கவாட்டில் படுத்தது. க்ளட்ச் லீவர் வாழைப்பூ மடல் மாதிரி வளைந்துவிட்டது. முதல் வேலையாக என்ஜினை நிறுத்தினேன். ஓடுகிற என்ஜின் தண்ணீரைக் குடித்தால் கதை அங்கேயே முடிந்தது. இருவருமாகத் தூக்கினோம், வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சீட்டில் பின்பக்கத்தை முட்டுக் கொடுத்து, கால் பலத்தால். பெங்களூர்ப் பையன் வாழ்க!

பாத்தலிலிருந்து எட்டு கிலோமீட்டர் போயிருப்போம். மூன்றாவது ஓடை. மணி மூணேகால். அகலம் ஒரு பஸ் நீளம் இருக்கும். தண்ணீர் சிமென்ட் கலர். கல் ஒன்றும் தெரியவில்லை, உருளுகிற சத்தம் மட்டும் அடியிலிருந்து கேட்டது. எங்களுக்கு முன்னால் நாலு பையன்கள், டெல்லி நம்பர் பிளேட். இரண்டு பேர் கத்திக்கொண்டே கடந்துவிட்டார்கள். மூன்றாமவன் நடுவில் விழுந்தான். வண்டி இருபதடி இழுத்துக்கொண்டு போய்ப் பாறையில் தட்டி நின்றது. ஆளைப் பிடித்துவிட்டோம். வண்டியைக் கயிறு கட்டி இழுக்க ஆறு பேர் சேர்ந்து முக்கால் மணி நேரம். நான் இறங்கிப் பார்த்தேன், தண்ணீர் தொடைக்கு வந்தது, கால் இரண்டு நிமிஷத்தில் மரத்துவிட்டது.

பாபு ஓடையையே பார்த்துக்கொண்டு நின்றான். இருபத்தைந்து வயது பாபுவாக இருந்தால் இந்நேரம் அக்கரையிலிருந்து, "வாடா மாப்ளே!" என்று கையாட்டியிருப்பான்.

"திரும்பிடலாம்" என்றான்.

"எங்கே?"

"பாத்தலுக்கு. காலையில வரலாம். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. இருபத்திரண்டு வருஷம் ஆயிடுச்சு, இன்னொரு ராத்திரி ஆகட்டும்."

பாத்தலில் கூடாரக் கடை. ராஜ்மா, சோறு, நாலு கம்பளி. கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்தே, "சுபஹ் பானி கம் ஹோகா" என்றார். காலையில் தண்ணீர் குறையுமாம். ராத்திரி பாபு தூங்கவில்லை. குளிர் காலங்களில் அந்த ராடு உள்ளே இருந்து கூப்பிடும் என்று அன்றைக்குத்தான் சொன்னான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட சொன்னதில்லை.

ஐந்தரைக்குக் கிளம்பினோம். ஓரத்து ஈரமெல்லாம் கண்ணாடியாக உறைந்திருந்தது. மூன்றாவது ஓடை முழங்காலுக்குக் கீழே. கல் தெரிந்தது. நடந்து போய் வழி பார்த்து வைத்தேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதானால் தண்ணீர் வரும் பக்கம் நிற்க வேண்டும். மறு பக்கம் நின்றால், ஓடை வண்டியை உங்கள் மேல் தள்ளிவிடும். "தள்ளிக்கிட்டுப் போயிடலாமாடா?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை, ஹெல்மெட்டை மாட்டினான்.

நான் முதலில் போனேன். ஃபர்ஸ்ட் கியர், ஒரே சீராக ஆக்ஸிலரேட்டர், கண் அக்கரையில் ஒரு வெள்ளைப் பாறை மேல். போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்தால், பாபு எழுந்து நின்று வருகிறான். முக்கால்வாசி வந்தாயிற்று. பின் சக்கரம் வழுக்கிற்று. வண்டி இடது பக்கம் சாய்ந்தது.

விட்டுவிடுவான் என்று நினைத்தேன். விடவில்லை. இடது காலை ஊன்றினான். தண்ணீருக்குள், தெரியாத கல் மேல், 199 கிலோவைத் தாங்கிக்கொண்டு. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு விநாடியோ இரண்டோ. அப்புறம் வண்டி நிமிர்ந்தது, மெதுவாக ஏறி வந்தது.

கரையில் ஸ்டாண்ட் போட்டுவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்தான். பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினான். முழங்காலுக்குக் கீழே தடவித் தடவிப் பார்த்தான்.

"வலிக்குதாடா?"

"வலிக்குது" என்றான். சிரித்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் சத்ரு என்று ஒரு ஊர். பெயர்தான் எச்சரிக்கை, அங்கே டீ பிரமாதம். பத்தரைக்கு கிராம்ஃபூ. ஊர் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஒரு முச்சந்தி. மேலே ஏறினால் ரோத்தங், கீழே போனால் கோக்ஸர். கோக்ஸர் பக்கம் போய், 2020-ல் திறந்த ஒன்பது கிலோமீட்டர் அடல் சுரங்கத்தில் நுழைந்தோம். வழவழவென்று தார், மேலே லைட், கல் கிடையாது, தண்ணீர் கிடையாது. இருவருக்கும் தூக்கம் வந்தது.

சண்டிகரில் வாடகைக் கடைக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். வளைந்த க்ளட்ச் லீவருக்கு நானூறு ரூபாய் பிடித்துக்கொண்டார். பாபு அரை மணி நேரம் தனக்குத் தெரிந்த ஹிந்தியில் பேரம் பேசி முந்நூறாக்கினான். பழைய லீவரையும் கேட்டு வாங்கிக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டான். ஏர்போர்ட் செக்யூரிட்டியில் அதை வெளியே எடுக்கச் சொன்னார்கள்.

"யே க்யா ஹை?"

பாபு, மெட்டல் டிடெக்டர் ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்த தன் இடது காலைத் தட்டிக் காட்டி, "ஸ்பேர் பார்ட்" என்றான்.