நான்கு டான்களும் ஒரு பிள்ளையும்

2011 ஆகஸ்ட் 27, சனிக்கிழமை. சிங்கப்பூரில் அதிபர் தேர்தல். வாக்குச்சீட்டில் நான்கு வேட்பாளர்கள். நால்வரும் டான். டோனி டான், டான் செங் போக், டான் ஜீ சே, டான் கின் லியான். நால்வரும் ஒருவருக்கொருவர் உறவில்லை. பங்காளிச் சண்டை என்று கிண்டல் செய்யவும் வழியில்லை. பெயரைப் பார்த்துக் குழம்பியவர்களுக்குச் சின்னங்கள் கைகொடுத்தன: டோனி டானுக்கு மூக்குக் கண்ணாடி, டான் செங் போக்கிற்கு விசிறி போல் விரிந்த மரம், டான் ஜீ சேக்கு இதயம், டான் கின் லியானுக்கு உயர்த்திய கை.

செய்தி எழுதுபவர்களுக்குத்தான் திண்டாட்டம். வழக்கம்போல் ‘திரு டான்’ என்று எழுதிவிட்டுப் போக முடியாது. ‘டாக்டர் டான்’ என்றாலும் தப்ப முடியாது. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற டோனி டான் ஒரு டாக்டர். அமா கெங் கிராமத்தில் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து கொடுத்துவந்த டான் செங் போக் இன்னொரு டாக்டர். போதாக்குறைக்கு இருவரும் 1940ஆம் ஆண்டில் பிறந்தவர்கள், இருவரும் ஆளுங்கட்சியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர்கள். மற்ற இருவரில் டான் ஜீ சே அரசாங்க அதிகாரியாக இருந்து நிதித்துறைக்குப் போனவர். டான் கின் லியான் காப்புறுதி நிறுவனம் ஒன்றை முப்பது ஆண்டுகள் நடத்தியவர். கணிதம், மருத்துவம், நிதி, காப்புறுதி என்று நான்கு துறைகள், ஒரே குடும்பப் பெயர்.

வாக்குகளை மறுபடியும் எண்ண வேண்டியிருந்தது. டோனி டானுக்கு 35.2 விழுக்காடு, டான் செங் போக்கிற்கு 34.85. வித்தியாசம் 7,382 வாக்குகள். முடிவு எதுவானாலும் அடுத்த அதிபர் ஒரு டான்தான் என்பது வேட்புமனு நாளிலேயே தெரிந்துபோயிருந்தது.

தோ பாயோவில் குடியிருப்பவர்களுக்கு இதில் பெரிய வியப்பு இருந்திருக்காது. சிங்கப்பூர்ச் சீனர்களிடையே டான் என்ற பெயரைவிடப் பரவலான குடும்பப் பெயர் இல்லை. ஒரு புளோக்கில் எந்த மாடியில் மின்தூக்கி நின்றாலும் அங்கே ஒரு டான் குடும்பம் இருக்க வாய்ப்புண்டு. அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தால் அது வெறும் தற்செயலும் அல்ல. வீடமைப்பு வளர்ச்சிக் கழக புளோக்குகளில் இனவாரியாக இத்தனை வீடுகள் என்று வரம்பு விதிக்கும் கொள்கை 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்து அதை அறிவித்தவர் எஸ். தனபாலன். தோ பாயோ குழுத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் அவர்தான். அவருடைய பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த ‘எஸ்’ஸைப் பிறகு கவனிப்போம்.

தோ பாயோவில் ரயில் ஏறி நகரை நோக்கிப் போனால் அடுத்த நிறுத்தம் நொவீனா. இறங்கியதும் டான் டோக் செங் மருத்துவமனை. தோ பாயோ வாசிகளில் அங்கே ஒருமுறையாவது போய் வராதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெயரைத் தினமும் சொல்கிறோம், மனிதரை மறந்துவிட்டோம். டான் டோக் செங் 1798இல் மலாக்காவில் பிறந்தவர். 1819இல் சிங்கப்பூருக்கு வந்து காய்கறி, பழம், கோழி விற்றவர். பணம் சேர்ந்ததும் ஏழை நோயாளிகளுக்காக மருத்துவமனை கட்டக் கொடுத்தார். 1844இல் பெர்ல்ஸ் ஹில் குன்றில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஐம்பத்திரண்டு வயதில், 1850இல், காலமானார். அவர் மகன் டான் கிம் சிங் அரிசி வணிகர், சயாம் அரசரின் சிங்கப்பூர்ப் பிரதிநிதி. சயாம் அரண்மனைக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போன ஆனா லியோனோவென்ஸை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதில் இவருக்குப் பங்கு உண்டு. ஹாலிவுட் அந்த ஆசிரியையை வைத்துப் பலமுறை படம் எடுத்தது. இடையில் நின்ற அரிசி வணிகரைக் கண்டுகொள்ளவில்லை. பேரன் டான் சே யான் மலாக்காவில் முதன்முதலாக வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டவர். பால்மரம் சீவப் பிற்பாடு கப்பலேறி வந்த தமிழர்களின் கதையும் அந்தத் தோட்டத்திலிருந்துதான் கிளைக்கிறது.

இந்த மூவரும் ஒரே குடும்பம். மற்ற டான்கள் அப்படியில்லை. 1857இல் நகரின் குடிநீர்த் திட்டத்துக்கு 13,000 டாலர் கொடுத்த டான் கிம் செங் வேறு. ஆனாலும் டான் டோக் செங்கின் மகனும் டான் கிம் செங்கின் மகனும் சேர்ந்துதான் மேகசின் ரோட்டில் டான்களுக்கென்று ஒரு கோயில் எழுப்பினார்கள். 1870களில் கட்டிய அந்தக் கோயில் இன்றும் இருக்கிறது. இரத்த உறவு இல்லாதவர்கள் பெயரை மட்டும் வைத்துப் பொதுவான மூதாதையரை வணங்குவது தமிழருக்குப் புதிதல்ல. குலதெய்வக் கோயிலில் வரி கட்டுபவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் முகம் தெரிந்தவர்களா என்ன?

அடுத்த நூற்றாண்டு டான்கள் இன்னும் தொலைவுக்குச் சிதறிப் போனார்கள். ரப்பரிலும் அன்னாசியிலும் சம்பாதித்ததைப் பள்ளிகளுக்கும் ஷியாமென் பல்கலைக்கழகத்துக்கும் கொட்டிய டான் கா கீ. நன்யாங் பல்கலைக்கழகத்தை உருவாக்க முன்னின்ற டான் லார்க் சை. தெருக்கூத்து போல் சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் கார் நிறுத்துமிடங்களில் மேடை போட்டு ஆடிப்பாடும் கெத்தாய் கலைஞர்களை வைத்து 2007இல் ‘881’ படம் எடுத்த ராய்ஸ்டன் டான். இவர்களில் நெஞ்சைத் தொடுபவர் டான் ஹாவ் லியாங். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பளுதூக்கி வெள்ளி வென்றவர். சிங்கப்பூர் தனி நாடாவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு கிடைத்த பதக்கம். அடுத்த பதக்கம் 2008இல், மேசைப்பந்தில் வரும்வரை, நாற்பத்தெட்டு ஆண்டுகள், சிங்கப்பூரின் ஒலிம்பிக் கணக்கு முழுவதும் அந்த ஒரு டானின் தோளில்தான் நின்றது.

கணக்கை இன்னும் பெரிதாக்கலாம். டான் என்பது ஹொக்கியன், தியோச்சூ உச்சரிப்பு. கேன்டனீஸ்காரர் அதே எழுத்தைச் சான் என்பார், மாண்டரினில் சென். அமெரிக்காவில் நெடுங்காலம் சிங்கப்பூர்த் தூதராக இருந்த சான் ஹெங் சீயும், ஐம்பது வெள்ளி நோட்டின் பின்புறத்தில் கொடியில் தொங்கும் கிப்பன் குரங்குகளை வரைந்த சென் வென் ஷியும் அந்த வகையில் டான்களே.

தமிழரிடம் இப்படி ஒரு பெயர் உண்டா? இருந்தது. 2019 ஜனவரியில், நவீன சிங்கப்பூரின் இருநூறாண்டு நினைவாக ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் புதிதாக நான்கு சிலைகள் வைத்தார்கள். அவற்றில் ஒருவர் டான் டோக் செங். இன்னொருவர் நாராயண பிள்ளை. பினாங்கில் எழுத்தராக இருந்தவர் 1819 மே மாதம் ராஃபிள்ஸோடு கப்பலில் வந்து இறங்கினார். இறங்கியதும் கட்டடம் கட்டச் செங்கல் இல்லாததைக் கண்டு சூளை போட்டார். துணிக்கடை வைத்தார். கடை தீயில் எரிந்தது. மறுபடியும் எழுந்தார். 1827இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் மாரியம்மன் கோயில் எழும்பியது இவர் முயற்சியில்தான். காய்கறி விற்றவரும் செங்கல் சுட்டவரும் ஒரே ஆண்டில் வந்தவர்கள் என்பதால் சிலையாகவும் ஒரே கரையில் நின்றது பொருத்தம்.

நூறாண்டு கழித்து சிராங்கூன் ரோட்டில் இன்னொரு பிள்ளை. பி. கோவிந்தசாமி பிள்ளை. பிஜிபி என்றால் லிட்டில் இந்தியாவில் எல்லாருக்கும் தெரியும். மளிகை, துணி என்று கடைகள் பெருக, கொடையும் பெருகியது. ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் அவர் பெயர் தாங்கிய கல்யாண மண்டபத்தில் எத்தனை தாலிகள் ஏறியிருக்கும்!

மூன்றாவது பிள்ளைக்குத் துறை வேறு. கிள்ளானில் 1934இல் பிறந்த ஜே. ஒய். பிள்ளை 1972 முதல் 1996 வரை சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் தலைவர். நாணய வாரியத்தை நடத்தினார். பிறகு பங்குச் சந்தை. 2017 ஆகஸ்ட் 31இல் டோனி டானின் பதவிக்காலம் முடிந்தது. புதிய அதிபர் ஹலிமா யாக்கோப் செப்டம்பர் 14இல் பதவியேற்றார். இடைப்பட்ட நாட்களில் அதிபர் பொறுப்பை வகித்தவர் அதிபர் ஆலோசகர் மன்றத்தின் தலைவராக இருந்த ஜே. ஒய். பிள்ளை. நான்கு டான்கள் முட்டி மோதிய நாற்காலியில் ஒரு பிள்ளை ஓட்டே கேட்காமல் இரண்டு வாரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனார்.

ஆனால் பிள்ளை வரிசை டான் வரிசை போல நீளவில்லை. காரணம் ஆள் பஞ்சம் அல்ல, அரசியல். டான் ஒரு வம்சத்தின் பெயர், பிள்ளை ஒரு சாதியின் பட்டம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. ஈ.வெ.ரா. தம் நாயக்கரைக் கத்தரித்தார். அதே ஆண்டு இறுதியில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். 1932இல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் பிறந்தது. 1935இல் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ வந்தது. அடுத்து வந்த தலைமுறையில் பலர் வாலை விட்டுவிட்டுத் தலைப்பெழுத்தோடு நின்றார்கள். மலையாளிகள் விடவில்லை. தேவன் நாயர் அதிபரானார். சுந்தரேஷ் மேனன் 2012இல் தலைமை நீதிபதியானபோது நாணய வாரியத்தை நிர்வகித்துக்கொண்டிருந்தவர் ரவி மேனன். அப்படி ஒரு வரிசையைத் தமிழர் இழந்தது இழப்பே அல்ல என்றுதான் சொல்லவேண்டும். பட்டத்தைப் பார்த்துப் பந்தியில் இடம் போட்ட காலத்தை நினைத்தால் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருப்பது ஒரு பெரிய குறையா?

அந்தக் கட்டம்தான் படாத பாடு படுத்துகிறது. சிங்கப்பூர் அடையாள அட்டையில் மகன் பெயரையும் அப்பா பெயரையும் ‘எஸ்/ஓ’ ஒட்டி நிறுத்தும், மகளென்றால் ‘டி/ஓ’. வெளிநாட்டுப் படிவம் குடும்பப் பெயர் கேட்கும்போது அப்பா முன்னே வந்து நிற்பார். வெளியூர் விடுதியில் மகனை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவனும் திரும்பிப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

தனபாலனின் ‘எஸ்’, அவர் தந்தை சுப்பையா. 1974 உலகக் கிண்ணக் காற்பந்தில் போலந்து ஹைத்தியை 7-0 என்று வீழ்த்திய ஆட்டத்துக்கு விசில் ஊதியவரும் ஒரு சுப்பையா. ஜார்ஜ் என்று உள்ளூரில் அழைக்கப்பட்ட அவருடைய முழுப் பெயர் கோவிந்தசாமி சுப்பையா. தமிழைக் கணினிக்கும் இணையத்துக்கும் கொண்டுபோகத் தொண்ணூறுகளில் பாடுபட்ட எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. சிராங்கூன் ரோட்டு வள்ளல் கோவிந்தசாமி பிள்ளை. கோவிந்தசாமி, கோவிந்தசாமி சுப்பையா, சுப்பையா தனபாலன்: வணிகம், காற்பந்து, அமைச்சரவை. ஓர் அடியின் கடைசிச் சொல் அடுத்த அடிக்கு முதற்சொல்லாக வரும் அந்தாதி போல இருக்கிறது. இவர்களை இணைப்பது அந்தப் பெயர்கள் மட்டுமே. ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்துக்குள்ளும் பெயர் ஓடுவது இந்த வழியில்தான். தாத்தா பெயர் அப்பாவோடு நின்றுவிடும், அப்பா பெயர் பிள்ளையின் முன்னால் ஏறிக்கொள்ளும். ஜே. ஒய். பிள்ளைக்குப் பின் 1996இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தலைவரானவரும் தனபாலனே. அந்த நாற்காலியில் பட்டம் போய்த் தலைப்பெழுத்து உட்கார்ந்தது.

2023 செப்டம்பரில் 70.4 விழுக்காடு வாக்கு பெற்று அதிபரான தர்மன் சண்முகரத்னத்தைச் சிங்கப்பூரில் யாரும் ‘திரு சண்முகரத்னம்’ என்பதில்லை. அது அவர் தந்தையின் பெயர், புற்றுநோய் ஆய்வில் பேர்பெற்ற நோயியல் மருத்துவர் கே. சண்முகரத்னம். நாடு முழுக்கத் தர்மன், தர்மன் என்று சொந்தப் பெயரைச் சொல்லியே வாக்களித்தது.

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சில வேறு வழியில் போயின. அப்பாவின் பெயரை அப்படியே நிலைநிறுத்தி வம்சப் பெயராக்கிவிட்டன. ஜே. பி. ஜெயரத்னத்தின் தந்தையும் ஜெயரத்னம்தான். 1981 அக்டோபரில் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்று, பல ஆண்டுகளுக்குப் பிறகு நாடாளுமன்றத்தில் நுழைந்த முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் அவர். அந்தத் தொகுதி காலியானது தேவன் நாயர் அதிபராகப் போனதால். மகன்களில் கென்னத், தந்தை 2008இல் தொடங்கிய சீர்திருத்தக் கட்சியை எடுத்துக்கொண்டார். பிலிப் வழக்கறிஞர், ஆங்கில நாவலாசிரியர். 2021இல் உயர் நீதிமன்றத்தில் அமர்ந்தார். ‘நீதிபதி ஜெயரத்னம்’ என்ற அழைப்பு சிங்கப்பூர் நீதிமன்றங்களுக்குப் பழகியதுதான். அரசியலில் இறங்குமுன் அப்பாவும் மாவட்ட நீதிபதியாக இருந்திருக்கிறார்.