நரம்பின் பருமன்

அரபு மொழியில் வாவு, தே, ரே என்னும் மூன்று எழுத்துகளைச் சேர்த்து 'வித்ரு' என்று ஓதினால் ஒற்றைப்படை என்று பொருள். இஷாவுக்குப் பின் நாம் தொழும் வித்ரு அதுவே. அதே மூன்றெழுத்தை 'வதர்' என்று ஓதினால் வில்லின் நாண்; யாழின் நரம்பு. மாணவர்க்கு இச்சொல்லை விளக்க நேரும்போதெல்லாம் எனக்குப் பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த இக்வானுஸ் ஸஃபா என்னும் அறிஞர் குழுவினரின் நினைவு வரும். அவர்கள் எழுதிய 52 மடல்களுள் ஒன்று இசையைப் பற்றியது. அரபியரின் ஊத் என்னும் கருவிக்கு நான்கு நரம்புகள். தடித்த நரம்பாகிய பம்முக்கு 64 பட்டிழை, மஸ்லஸுக்கு 48, மஸ்னாவுக்கு 36, மெல்லிய ஸீருக்கு 27. ஒவ்வொன்றும் முன்னதில் முக்கால். எவ்வளவு அழகான இறங்குவரிசை!

இசை கேட்பது ஆகுமா ஆகாதா என்னும் வழக்கு நெடியது. அதனுள் நான் புகவில்லை. ஒரு நரம்பு எத்துணைப் பருமன் இருக்கவேண்டும் என்பது கணக்கு. கணக்கு யார்க்கும் ஹராமன்று.

ஏட்டில் கிடந்த இந்தக் கணக்கு என் தங்கை வீட்டில் வழக்காக வந்து நின்றது. அவள் மகனுக்குப் பதினாறு வயது. ரமலான் இரவுகளில் விளக்குத்தூண் பக்கம் ஒரு துணிக்கடையில் நின்று ஈட்டிய கூலியில் பழைய எலெக்ட்ரிக் கித்தார் ஒன்று வாங்கியிருந்தான். அவனுக்குப் பயிற்சி தந்தவர், தடித்த கம்பி பூட்டினால்தான் நாதம் நிற்கும் என்று கூறி, 'பன்னிரண்டு' என்று வழங்கும் கம்பித் தொகுதியைப் பூட்டச் செய்துவிட்டார். இரண்டு திங்களில் இடக்கை விரல்நுனிகள் கொப்புளித்து உரிந்தன. "அண்ணே, இவன் விரலைப் பாருங்க. வித்துடச் சொல்லுங்க" என்றாள் தங்கை. "விரல் காய்ச்சுப் போற வரைக்கும் பொறுக்கணுமாம் மாமு" என்றான் அவன். சொன்னானேயொழிய, விற்றுவிடலாம் என்னும் எண்ணம் அவன் முகத்திலேயே தெரிந்தது. பிள்ளை உழைத்து வாங்கிய பொருள் ஒரு தவறான பிடிவாதத்தால் கைவிட்டுப் போவதை நான் விரும்பவில்லை.

கித்தார்க் கம்பிகளை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காக அளக்கிறார்கள். முதற்கம்பி 0.009 அங்குலமானால் 'ஒன்பது', 0.010 ஆனால் 'பத்து'. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நம் தலைமயிர் ஒன்றின் பருமனில் பாதிகூட இராது. ஆயினும் விரல் அதை உடனே அறியும். கம்பியின் எடை அதன் குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே, ஒரே நீளத்தில் ஒரே சுருதியை எட்டுவதற்கு வேண்டும் இழுவையும் வர்க்கமாகவே ஏறும். வழக்கமான இருபத்தைந்தரை அங்குல நீளத்தில் 'ஒன்பது' ஏறத்தாழ 5.9 கிலோ இழுவையில் நிற்கிறது, 'பத்து' 7.3 கிலோ, 'பன்னிரண்டு' பத்தரைக் கிலோவுக்கும் மேல். பிஞ்சு விரலின் மேல் இந்தச் சுமையை ஏற்றிவிட்டுப் பொறு என்றால் எப்படிப் பொறுக்கும்?

இவ்விடத்தில் பஸரா அறிஞர்களோடு நான் சற்றே மாறுபட வேண்டியவனாகிறேன். முக்கால் முக்காலாக இழையைக் குறைத்து, நாலுக்கு மூன்று என்னும் அளவில் சுருதியை ஏற்றினால், மெல்லிய ஸீரின் இழுவை தடித்த பம்மைவிட இரண்டேகால் மடங்குக்கு மேலாகிறது. எல்லா நரம்பும் ஒரே இழுவையில் நிற்கவேண்டுமாயின் 64-ஐ அடுத்து வரவேண்டியது 36, பின்னர் இருபது, பின்னர் பதினொன்று. வர்க்கத்தின் இவ்விதியைப் பிரான்சு நாட்டு மெர்சென் 1636-இல் வெளியிட்ட நூலில் முறைப்படுத்தினார். பஸராவினர் எண்ணின் ஒழுங்கைக் கண்டார்கள். விரல் படும் பாடு அவர்கள் கணக்கில் இடம்பெறவில்லை.

சரி, தடித்த கம்பிக்கு நாதம் கூடுதல் என்பது பொய்யா? பாதி மெய். எலெக்ட்ரிக் கித்தாரில் ஒலியைப் பிறப்பிப்பது மரப்பெட்டியன்று. கம்பிகளின் கீழே காந்தமும் அதைச் சுற்றிய செப்புச் சுருளும் உள்ளன. காந்தத்துக்கு இசையும் கம்பி அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். வீணையின் பித்தளைத் தந்தியை அதில் பூட்டினால் அது ஊமையாகவே இருக்கும். இரும்பின் அளவு கூடினால் குறிப்பு வலுக்கும். அடிக்குரல் நிறைவாக வரும். ஆனால் பருத்த எஃகுக் கம்பி நாணைப்போல் நெகிழாமல் கோலைப்போல் விறைக்கும். அதன் மேற்சுரங்கள் தத்தம் இடத்தைவிட்டுச் சற்றே ஏறிப்போகும். அதனாலன்றோ அடிக்கம்பிகளை மெல்லிய உட்கம்பியின் மேல் இன்னொரு கம்பி சுற்றிச் செய்கிறார்கள்? எடை கூடும், விறைப்புக் கூடாது. மெல்லிய கம்பிக்கு ஒலி கூர்மை, அசைவு எளிது. முரட்டுக் கை அழுத்தினால் மட்டும் சுருதி ஏறிவிடும்.

கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை ஏற்றும் வித்தையில்தான் பருமனின் விளைவு முழுவதும் வெளிப்படும். இழுக்கும் தொலைவு மாறாது. வேண்டும் வலிமை மாறும். மதுரைக்கு இது புதிதன்று. எம்.எஸ். சுப்புலட்சுமியின் அன்னையார் சண்முகவடிவு இவ்வூரில் வீணை மீட்டியவர். வீணையின் கமகமே தந்தியை இழுப்பதில்தான் இருக்கிறது. மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் தம் கருவியில் இரட்டை இரட்டையாக இருந்த நான்கு கம்பிகளை நீக்கி ஐந்து ஒற்றைக் கம்பிகளைப் பூட்டிக்கொண்டார். இரட்டைக் கம்பியைச் சேர்த்து இழுத்துக் கமகம் பிடிப்பது எத்துணை இடர் என்பதை எண்ணிப் பாருங்கள்!

மருமகனுக்கு நான் சொன்னது பர்மிங்காம் நகரத்து டோனி அயோமியின் கதையை. இடக்கைப் பழக்கமுள்ள அவர் 1965-இல், பதினேழு வயதில், தகட்டுத் தொழிற்சாலையில் கடைசி நாள் வேலையின்போது வலக்கையின் இரு விரல்நுனிகளை எந்திரத்தில் இழந்தார். அவருக்குச் சுரம் பிடிக்கும் கை அதுவே. ஞெகிழிப் புட்டியை உருக்கி விரலுறை செய்துகொண்டார். மெல்லிய பாஞ்சோக் கம்பிகளைக் கித்தாரில் பூட்டினார். பின்னாளில் 1971-இல் சுருதியையே மூன்று அரைச்சுரம் இறக்கி வாசித்தார். உலகிலேயே கனத்த ஒலி என்று பெயர்பெற்ற இசை அந்த மெல்லிய கம்பிகளில் பிறந்தது! கலிபோர்னியாவில் எர்னி பால் என்னும் கடைக்காரர், தடித்த மூன்றாம் கம்பியோடு கற்போர் படும் பாட்டைக் கண்டு, 1962-இல் மெல்லிய கம்பித் தொகுதிகளைச் செய்வித்து விற்கத் தொடங்கினார்.

கேட்டுவிட்டு, "அப்ப பத்து போடலாமா மாமு?" என்றான். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் வாங்கி வந்தான். பூட்டி, அரைச்சுரம் இறக்கிச் சுருதி கூட்டச் சொன்னேன். இழுவை பத்தில் ஒரு பங்குக்கு மேல் மேலும் தணியும். மறுநாளே, கம்பிகள் மெட்டில் உரசி இரைகின்றன என்று வந்து நின்றான். இழுவை குறையவே கித்தாரின் கழுத்து பின்னோக்கி நிமிர்ந்துவிட்டது. கழுத்தின் உள்ளே ஓடும் எஃகுத் தண்டின் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தியதும் இரைச்சல் அடங்கிற்று. தலைப்பக்கத்துப் பள்ளங்கள் மட்டும் பழைய தடித்த கம்பிக்கு அறுத்தவை. முதற்கம்பி அதில் சற்றே ஆடுகிறது. புதிய எலும்புத் துண்டு ஒன்றை அறுத்து வைக்கவேண்டும். ஷவ்வாலில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறான்.