பரதேசிகளின் தெரு: மட்டாஞ்சேரியில் ஒரு டிசம்பர் விடுமுறை

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் அடைக்கப்பட்டதும், நகரங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் பல குளிரைத் தேடி உதகைக்கும் கோடைக்கானலுக்கும் புறப்படுகின்றன. கொச்சியில் குளிர் கிடையாது. டிசம்பரிலும் நண்பகலில் வியர்க்கும். மாலையில் காயல் காற்று சற்று ஆற்றும், அவ்வளவே. ஆயினும் பிள்ளைகளை அழைத்துச் செல்லத்தக்க ஓர் ஊரைச் சொல்லும்படி கேட்டால், நான் மட்டாஞ்சேரியைத்தான் சொல்வேன்.

சென்னையிலிருந்து இரவு இரயிலில் ஏறினால் காலையில் எர்ணாகுளம். அங்கிருந்து படகில் செல்வதே சிறப்பு. 2023இல் தொடங்கப்பட்ட நீர் மெட்ரோ படகுகள், 2024 முதல் ஃபோர்ட் கொச்சிக்கும் 2025 அக்டோபர் முதல் மட்டாஞ்சேரிக்கும் செல்கின்றன. குளிரூட்டப்பட்ட படகு, கட்டணமும் குறைவு. குழந்தைகளுக்கு அதுவே பாதி விடுமுறை.

1341இல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் பழைய முசிறித் துறைமுகத்தை மண்மூடச் செய்து, கொச்சியின் வாயிலைத் திறந்தது என்பர். கப்பல்கள் வந்தன, கப்பலோடு மனிதரும் வந்தனர். போர்த்துக்கீசியரின் கொடுமைக்குத் தப்பிக் கோவாவிலிருந்து வந்த கொங்கணியர், குஜராத்தி வணிகர், சமணர், கச்சி மேமன் முஸ்லிம்கள், நம் தமிழர் என ஏறத்தாழ முப்பது சமூகத்தார் இச்சிறு நிலப்பரப்பில் அடுத்தடுத்து வாழ்கின்றனர். ஒரு தெருவில் இஞ்சியும் மிளகும் மணக்கும். அடுத்த தெருவில் பேச்சு மொழியே மாறிவிடும்.

டச்சு அரண்மனை என்று அழைக்கப்படும் மாளிகையைக் கட்டியவர்கள் உண்மையில் போர்த்துக்கீசியரே. 1555இல் கட்டி மன்னருக்கு அளித்தார்கள். டச்சுக்காரர் பின்னர் புதுப்பித்தார்கள், பெயரையும் தட்டிக்கொண்டார்கள். அதை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். நேரம் கொடுக்க வேண்டியது அதனை ஒட்டியுள்ள யூதத் தெருவுக்கே.

கொடுங்கல்லூரில் வாழ இயலாமல் ஓடிவந்த யூதருக்குக் கொச்சி மன்னர் தம் அரண்மனையின் அருகிலேயே இடமளித்தார். 1568இல் அங்கே எழுந்ததே பரதேசி ஜெப ஆலயம். 'பரதேசி' என்பது நம் ஊர்களில் வசைச்சொல். ஆனால் வேதத்தை வாசிக்கிற நமக்கோ, விசுவாச வீரர்கள் தங்களுக்குத் தாங்களே இட்டுக்கொண்ட பெயர் அது. சொந்த ஊரை விட்டு வந்து, வாடகை வீட்டின் கதவில் 'கர்த்தர் என் மேய்ப்பர்' அட்டையை மாட்டி வாழும் நம்மில் யாருக்கு அந்தப் பெயர் பொருந்தாது?

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்ல வேண்டும். காலடியில் சீனாவின் காண்டன் நகரிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் வந்த நீல வெள்ளை ஓடுகள், கையால் தீட்டப்பட்டவை. மேலே கண்ணாடி விளக்குகள். நடுவே பித்தளைக் கம்பியிட்ட வாசிப்பு மேடை. வெளியே 1760இல் எழுப்பிய மணிக்கூண்டு. அதன் ஒரு முகத்தில் எபிரெய எழுத்துகளே எண்களாக நிற்கின்றன. சனிக்கிழமை ஓய்வுநாள், ஆலயம் திறக்கப்படாது; வெள்ளிக்கிழமை நேரத்தைக் கேட்டறிந்து செல்லுங்கள்.

சுவரோரம் உள்ள நீண்ட பெஞ்சுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அவற்றில் எல்லாரும் அமர்ந்துவிட முடியாது என்றிருந்த காலம் உண்டு. இந்தச் சபையிலேயே, விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று ஒரு பிரிவினர் இருந்தனர். அவர்களும் யூதரே, அதே தேவனைத் தொழுதவர்களே. ஆயினும் அவர்களுக்குப் பெஞ்சில் இடமில்லை. தரையிலோ வெளிக்கூடத்திலோ அமர வேண்டும். ஒடுக்கத்துக்குத் தப்பி வந்தவர்களே தங்களுக்குள் இப்படி ஒரு கோடு கிழித்தார்கள்!

அந்தக் கோட்டை எதிர்த்தவர் ஆபிரகாம் பராக் சேலம், 1882இல் பிறந்தவர். (பெயரைக் கொண்டு நம் சேலத்துக்காரர் என எண்ண வேண்டாம்.) சென்னையில் சட்டம் பயின்று, தம் பிரிவினரில் முதல் வழக்கறிஞரானார். கொச்சி சட்டமன்றத்தில் அமர்ந்தார். 1929இல் லாகூர் காங்கிரசுக்குச் சென்றார். சட்டமன்றத்தில் நாற்காலி உண்டு, ஜெப ஆலயத்தில் பெஞ்சு இல்லை! அவர் வேறு ஆலயம் கட்டிக்கொண்டு போகவில்லை. காந்தியடிகளின் சத்தியாக்கிரக வழியிலே உள்ளிருந்தே போராடினார். தடைகள் சிறிது சிறிதாகத் தளர்ந்தன. 'யூத காந்தி' என்று அவரை அழைக்கலாயினர்.

சபைக்கு வரும் செல்வனுக்கு நல்ல இடமும் எளியவனுக்குப் பாதபடியின் அருகும் காட்டுகிறவர்களை யாக்கோபு எப்படிக் கடிந்துகொள்கிறார் என்பதை நாம் அறிவோம். எனினும், நகரத்தில் ஒரே பாயில் அமர்ந்து அந்நியபாஷையில் துதிக்கிற நம் குடும்பங்கள், பெண் கொடுக்கும் வேளையில் மட்டும் ஊரையும் தெருவையும் விசாரிப்பதைக் காண்கிறோம் அல்லவா? அந்தப் பெஞ்சுகளின் எதிரே நிற்கையில் எனக்கு அந்த நினைவுதான் வந்தது.

சேலத்தின் போராட்டம் பலித்த காலத்திலேயே சபை கரையத் தொடங்கியது. 1948இல் இஸ்ரவேல் நாடு பிறந்தது. 1950களில் கொச்சி யூதரில் பெரும்பாலோர் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டனர். சேலம் போகவில்லை, 1967இல் கொச்சியிலேயே மரித்தார். மறுஆண்டு டிசம்பரில் ஆலயத்தின் 400ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். இன்று முறைப்படி ஆராதிக்கத் தேவையான பத்து ஆண்கள் உள்ளூரில் இல்லை. முன்பு இடம் மறுக்கப்பட்ட பெஞ்சுகளில் இப்போது அமர ஆளில்லை. மலபார் யூதரின் கடவும்பாகம் ஆலயமும் இதே யூதத் தெருப் பகுதியில் இருந்தது. அதன் உட்புற மரவேலைப்பாடுகள் எருசலேம் அருங்காட்சியகத்தை அடைந்தன. எஞ்சிய கட்டடத்தின் ஒரு பகுதி 2019 மழையில் இடிந்து விழுந்தது. பயணிகளில் அதைத் தேடிச் செல்வோர் மிகச் சிலரே.

மாலையில் ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னும் பகுதிக்கு ஆட்டோவில் சென்றால், தமிழ் கேட்கும். படையினரின் உடைகளை வெளுப்பதற்காக டச்சுக்காரர் காலத்தில் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியார் அங்கே தோபிகானாவில் உழைக்கின்றனர். கல்தொட்டிகளில் துவைத்து, அரிசிக் கஞ்சியிட்டு, முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியைச் செருகிக் காயவைப்பார்கள், கிளிப் தேவையில்லை. வழிகாட்டி நூல்கள் இவர்களை ஒரு காட்சியாகவே வருணிக்கின்றன. நீங்கள் ஊர்ப்பெயர் சொல்லி விசாரித்துப் பாருங்கள், உரையாடல் நீளும்.

ஆண்டின் கடைசி நாளில் அங்கே இருப்பவர்களுக்கு ஒரு சொல். ஃபோர்ட் கொச்சியில் அன்றிரவு 'பப்பாஞ்சி' என்னும் கிழவன் உருவத்தை எரித்துப் புத்தாண்டை வரவேற்பார்கள், பெருங்கூட்டம் திரளும். நள்ளிரவு ஆராதனைக்கு எர்ணாகுளம் திரும்ப வேண்டியவர்கள், பொழுது சாயும் முன்னரே படகேறிவிடுங்கள்.