அப்பாவின் பக்கம்

கூடத்துச் சுவரில் இருக்கும் 42 அங்குல பிளாஸ்மா டிவியில் கிரிக்கெட் ஓடும்போது, புல்வெளியின் நடுவே மங்கலாக ஒரு செவ்வகம் தெரியும். பார்க்கிறவர்கள் பேனல் போய்விட்டது, மாற்றிவிடு என்கிறார்கள். அது அப்பாவின் பக்கம்.

அப்பா அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர். ஓய்வுபெற்ற பிறகு கண்ணில் நடுப்பார்வை போயிற்று. நேராகப் பார்த்தால் எழுத்து மறைந்துவிடும். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால்தான் படிப்பார். எனக்கு அது புரியப் பல மாதம் ஆயிற்று. பேசும்போது எங்கேயோ பார்க்கிறாரே என்று அவரிடம் கோபித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சு சுருங்குகிறது.

சின்ன மானிட்டரில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிக்கு இரண்டு சொல்தான் நின்றது. 2009-இல் டிவியிலேயே கணினியை இணைத்துவிடலாம் என்று ரிச்சி தெருவுக்குக் கேபிள் வாங்கப் போனேன். "பிளாஸ்மாவா மேடம்? கம்ப்யூட்டர் போடாதீங்க, படம் பதிஞ்சிடும்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதுதான் நடந்தது.

முதலில் எச்டிஎம்ஐ. நாலு ஓரமும் வெட்டுப்பட்டு ஸ்டார்ட் பொத்தானே திரைக்கு வெளியே போய்விட்டது. பிறகு விஜிஏ. 1024-க்கு 768 என்று வைத்ததும் எழுத்து கூர்மையாக நின்றது, ஆனால் குறுக்கே பருத்து. அந்தக் கண்ணாடியில் இருப்பதே 1024-க்கு 768 புள்ளிகள்தான். அகலத் திரையை நிரப்புவதற்காக ஒவ்வொரு புள்ளியும் உயரத்தைவிட அகலமாகச் செய்யப்பட்டிருந்தது. கணினியில் வரைந்த வட்டம் படுத்த முட்டையாகியது. ணகரமும் ழகரமும் உப்பிக்கொண்டு நின்றன. சரிசெய்ய நான்கு நாள் போராடினேன். "விடும்மா, தலைப்புக்குப் போடுற ஈய எழுத்து மாதிரி இருக்கு. இதுதான் எனக்குத் தெரியுது" என்றார் அப்பா.

பிளாஸ்மா திரை டிவிக்காகப் பிறந்ததே இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1964-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, அவர்களுடைய மாணவர் ராபர்ட் வில்சன் மூவரும் அதை உருவாக்கியது, 'பிளேட்டோ' என்ற பாடம் நடத்தும் கணினிக்காக. கணினி நினைவகம் அப்போது யானை விலை. திரையில் இருப்பதைத் திரையே நினைவில் வைத்துக்கொண்டால் அந்தச் செலவு மிச்சம். ஒரு புள்ளியை ஒருமுறை ஏற்றிவிட்டால், அணை என்று சொல்லும்வரை அது எரிந்துகொண்டே இருக்கும். நியான் வாயுவின் ஆரஞ்சு வெளிச்சம் மட்டும்தான். வேறு நிறம் கிடையாது. ஞாபகம் வைத்திருக்கவென்றே பிறந்த கண்ணாடி.

எங்கள் டிவியில் பதிந்தது வேறு வகை ஞாபகம். குழல்விளக்கைப் போலத்தான் இதுவும்: உள்ளே வாயுவில் மின்சாரம் பாய்ந்து புற ஊதாக் கதிர் வருகிறது, அது பாஸ்பர் பூச்சில் பட்டு வெளிச்சமாகிறது. எந்த இடம் அதிகம் எரிகிறதோ அந்தப் பூச்சு அதிகம் தேய்கிறது. அப்பா தினமும் ஐந்தாறு மணி நேரம் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். பக்கம் இருந்த இடம் மங்கியது. அடியில் விண்டோஸின் நீலப் பட்டை கிடந்த இடத்தில் நீலப் பூச்சு தேய்ந்து, வெள்ளைத் திரை வந்தால் மஞ்சளாக ஒரு கோடு ஓடுகிறது.

பானசோனிக் 2013-இல் பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்தியது. அடுத்த ஆண்டு சாம்சங்கும் எல்ஜியும் நிறுத்தின. அப்பா போனதும் அந்த ஆண்டுதான். போன மாதம் வந்த மெக்கானிக், "ராத்திரி முழுக்க வெள்ளைப் படம் ஓடவிடுங்க, மத்த இடமும் தேஞ்சு சமமாயிடும்" என்றார். தலையாட்டி அனுப்பிவிட்டேன்.

இதை அந்தத் திரையில்தான் தட்டச்சு செய்கிறேன். பக்கத்தின் ஓரத்தை இழுத்து இழுத்துச் செவ்வகத்தோடு பொருத்தியிருக்கிறேன். முதல் நாள் இதே இடத்தில், சோதனைக்காக, 'அப்பா, எழுதி பாருங்கள்' என்று பெரிதாக அடித்துக் காட்டினேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். தெரியவில்லையோ என்று எனக்குப் பதறியது.

"எழுதிப் பாருங்கள்," என்றார். "ஒற்றுப் போடும்மா."