தங்க வயலில் முதல் கார்

சம்பளம் நின்றுபோன நாளை மறக்காத ஊரில், டிரைவிங் லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே அடுத்த கணக்கு ஆரம்பமாகிறது: எந்த வண்டி, எவ்வளவு கடன்?

பொழுது விடிவதற்கு முன்பே மாரிக்குப்பம் ரயில் நிலையம் விழித்துக்கொள்கிறது. டிபன் டப்பா, தோள்பை, தூக்கம் கலையாத கண்கள். சாம்பியன், உரிகம், கோரமண்டல், பெமல் நகர் என்று நிலையத்துக்கு நிலையம் ஆட்கள் ஏறுகிறார்கள். பங்காரப்பேட்டையைத் தாண்டும்போது கால் வைக்க இடமிருக்காது. சுமார் 100 கி.மீ. தள்ளியிருக்கும் பெங்களூரில் கட்டட வேலை, கடை வேலை, கம்பெனி வேலை. இரவு திரும்பி, சாப்பிட்டு, படுத்து, மறுபடியும் அதே ரயில். கோலார் தங்க வயலின் பிழைப்பு இன்று பெருமளவு இந்தத் தண்டவாளத்தின் மீதுதான் ஓடுகிறது.

முன்பு அது பூமிக்கு அடியில் இருந்தது. 1880ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே சுரங்கத்தில் இறங்கியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் சுரங்க லைன் வீடுகளில் குடியேறினார்கள். பெரும்பாலோர் தமிழர்கள், அவர்களிலும் பெரும்பாலோர் தலித்துகள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கி.மீ.க்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் மேலே வந்தது. சிவசமுத்திரத்திலிருந்து 1902லேயே மின்சாரம் வந்த ஊர் இது. வெள்ளைக்காரர்கள் ‘குட்டி இங்கிலாந்து’ என்று கொண்டாடிய ஊர். 2001 பிப்ரவரி 28ம் தேதி பொதுத்துறை நிறுவனமான பாரத் தங்கச் சுரங்கத்தின் கதவு மூடப்பட்டது. மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டோரின் மாதச் சம்பளம் ஒரே நாளில் நின்றது.

அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இப்போது காருக்கு லைசென்ஸ் எடுக்கிறார்கள். எல்.எல்.ஆர். போட்டு 30 நாள் காத்திருந்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஓட்டிக்காட்டி, அட்டை கைக்கு வருகிறது. தங்க வயலில் பதிவாகும் வண்டிகளுக்கு கே.ஏ. 08 என்று எண். அந்த எண் தாங்கிய ஒரு கார் வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்பது பல வீடுகளில் இரண்டு தலைமுறை ஆசை. சுரங்கக் காலத்தில் கார் என்றால் அது அதிகாரிகளின் பங்களாவோடு சேர்ந்த பொருள்.

ஆசை ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த ஊரில் காரை எதற்காக வாங்குவது என்பதுதான் முதல் கேள்வி. வேலைக்குப் போகத்தான் என்று பதில் சொன்னால் கணக்கு உடனே இடிக்கிறது. பெங்களூருக்குப் போய்வர 200 கி.மீ. லிட்டருக்கு 20 கி.மீ. ஓடும் சிக்கனமான சின்ன வண்டி, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட நாளைக்குப் பெட்ரோல் மட்டும் 1,000 ரூபாய். மாதம் 25 நாள் என்றால் ரூ. 25,000. ரயிலில் மாத சீசன் டிக்கெட்டுக்கு ஆவது சில நூறு ரூபாய்தான். கார் வந்தாலும் ரயில் நிற்காது.

அப்படியானால் கார் எதற்கு? ரயில் செய்யாத வேலைக்கு. நடுராத்திரியில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் மாரிக்குப்பத்திலிருந்து ரயில் கிடையாது. சுரங்க நிர்வாகத்தின் மருத்துவமனை ஒரு காலத்தில் சுற்றுவட்டாரமெங்கும் பேர் பெற்றது. சுரங்கத்தோடு அந்தத் துணையும் போயிற்று. பெரிய வைத்தியம் என்றால் கோலார் அல்லது பெங்களூர். இல்லாவிட்டால் வேலூர் சி.எம்.சி. சுரங்கத்தில் வேலை செய்தவர்களிடையே தூசியால் வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் பரவலாக இருந்த ஊர். மூச்சுத் திணறும் பெரியவரைப் பைக்கில் உட்கார வைத்துக்கொண்டு போக முடியாது.

இன்னொரு காரணம் சொந்த பந்தம். பேரணாம்பட்டு, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று உறவுகள் மலைக்குக் கீழே பரவியிருக்கின்றன. பேத்தமங்கலம், வி.கோட்டா வழியாகப் போனால் ஒரே பயணத்தில் கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு என்று மூன்று மாநிலங்கள். கல்யாணம், காது குத்து, துக்கம் என்று வருஷத்துக்குப் பத்து முறையாவது அந்தப் பாதையில் இறங்கி ஏற வேண்டியிருக்கும்.

ஆக, தங்க வயலின் முதல் கார் தினமும் ஓடப் போகும் வண்டியல்ல. மாதத்தில் சில நாள் ஓடும். ஆனால் ஓட வேண்டிய நாளில் கண்டிப்பாக ஓடியாக வேண்டும். இந்த ஒரு வரி மனதில் இருந்தால், வாங்கும் முடிவு பாதி எளிதாகிவிடுகிறது.

மலிவுக் கார் என்ற கனவு நாட்டுக்கே பழையது. 1983 டிசம்பரில் சுமார் 50,000 ரூபாய்க்கு மாருதி 800 வந்தபோது நடுத்தர வர்க்கம் முதல் முறையாக ஸ்டியரிங்கைப் பிடித்தது. 2014ல் அதன் தயாரிப்பு நின்றது. 2009ல் ஒரு லட்சம் ரூபாய் கார் என்று டாடா நானோ வந்தது. ‘மலிவு’ என்ற அடைமொழியே அதற்கு வினையாக, 2018ல் அதுவும் நின்றது. கார் வாங்குகிறவர் ஏழை என்று பேர் வாங்க விரும்புவதில்லை. தங்க வயலில் பலரைத் தடுமாற வைப்பதும் இதே கௌரவம்தான். பழைய வண்டி என்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?

புது வண்டியின் கணக்கு இது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தபோது, மாருதியின் ஆல்டோ கே10, எஸ்-பிரஸ்ஸோ ஆகியவற்றின் ஆரம்ப மாடல்கள் ஷோரூம் விலையில் மூன்றரை லட்சத்தையொட்டி இறங்கின. ஆனால் ஷோரூம் விலை ரோட்டு விலை ஆகாது. கர்நாடகத்தில் ஐந்து லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரியே 13 சதவீதம். அதன் மேல் தீர்வை தனி. இன்ஷூரன்ஸ், பதிவுச் செலவு எல்லாம் சேர்ந்தால் தொகை நாலரை லட்சத்தை நெருங்குகிறது. கையிலிருந்து 50,000 போட்டு, பாக்கி 4 லட்சத்தை 10 சதவீத வட்டியில் ஐந்து வருஷக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் ரூ. 8,500. கட்டி முடிக்கும்போது 5.1 லட்சம் போயிருக்கும்.

தொகையைவிடப் பயமுறுத்துவது அந்த 60 மாதங்கள். ஒப்பந்த வேலையில் இருப்பவருக்கு அடுத்த வருஷம் அதே சம்பளம் வருமா என்பதே நிச்சயமில்லை. அரசாங்கச் சம்பளமே ஒரு நாளில் நின்றதைப் பார்த்த ஊர் இது. நிரந்தர வேலையும் இரண்டு பேர் சம்பாத்தியமும் உள்ள வீட்டுக்கு இந்தத் தவணை தாங்கும். ஒருவர் சம்பளத்தை நம்பியிருக்கும் வீட்டில் மாதம் நாலு நாள் ஓடும் வண்டிக்காக இதைத் தலையில் ஏற்றிக்கொள்வது வம்பு. தவணைக்காகத் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனால், தங்கம் விளைந்த ஊருக்கு அதைவிடக் கேலி வேறில்லை.

எனவே பெரும்பாலோருக்குப் பொருத்தமானது பழைய வண்டிதான். எவ்வளவு பழையது? விலை குறையக் குறைய வயது கூடும். வயது கூடக் கூடப் பாதுகாப்பு குறையும். இங்கே சட்டமே ஓர் அளவுகோல் தருகிறது. பிரேக் அடிக்கும்போது சக்கரம் இறுகி வண்டி சறுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் கட்டாயம். டிரைவருக்கான காற்றுப்பை, ரிவர்ஸ் எடுக்கும்போது எச்சரிக்கும் சென்சார் இரண்டும் 2019 ஜூலையிலிருந்து கட்டாயம். முன்னால் பக்கத்தில் உட்காருபவருக்கும் காற்றுப்பை என்பது 2022 தொடக்கத்திலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் வந்துவிட்டது. கை பழகாத டிரைவருக்குப் பவர் விண்டோவையும் பாட்டுப் பெட்டியையும்விட இவைதான் முக்கியம். கையில் இரண்டரை லட்சம் இருக்கிறது என்றால், பத்து வருஷம் ஓடிய பெரிய செடானைவிட 2019 ஜூலைக்குப் பிறகு செய்த சின்ன ஹேட்ச்பேக் மேல். அந்தத் தொகையிலும் 30,000 ரூபாயைத் தனியே எடுத்து வைப்பது நல்லது. டயர், பேட்டரி, கிளட்ச், இன்ஷூரன்ஸ் என்று முதல் வருஷத்திலேயே செலவு கதவைத் தட்டும்.

லைன் வீடுகளின் சந்துகளுக்கும் மூன்றரை மீட்டர் நீளமுள்ள வண்டிதான் தோது. கோடைக் காற்றில் சயனைடு மேடுகளிலிருந்து எழும் தூசி ஊர் முழுக்கப் படியும். தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண், சுமார் மூன்று கோடி டன், இன்னும் குன்று குன்றாக அங்கேயே கிடக்கிறது. ஏர் ஃபில்டரை அடிக்கடி பார்க்க வேண்டிய ஊரில் எந்த மெக்கானிக்கும் திறந்து பார்க்கத் தெரிந்த, ஸ்பேர் எங்கும் கிடைக்கிற வண்டிதான் புத்திசாலித்தனம்.

தங்க வயலுக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. “வேலூரில் மாமா வண்டி சும்மா நிற்கிறது, எடுத்துக்கோ” என்பது கேட்க இனிக்கும். ஆனால் அது டி.என். 23. ஒரு மாநிலத்து வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகனச் சட்டம். அதற்குப் பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். கர்நாடக ஆயுள் வரியும் வண்டியின் வயதுக்கேற்பக் கட்ட வேண்டும். ஆந்திர வண்டிக்கும் இதே கதைதான். மாமா சொல்லும் விலையோடு இந்த வரியைக் கூட்டிப் பார்த்த பிறகுதான், அது பக்கத்துத் தெரு கே.ஏ. 08 வண்டியைவிட மலிவா என்பது தெரியும்.

காகிதங்களில் கறாராக இருப்பது உறவைக் கெடுக்காது, காக்கும். ஆர்.சி. புத்தகம் விற்பவர் பெயரில்தான் இருக்கிறதா, வங்கிக் கடன் பதிவு நீங்கியிருக்கிறதா, கட்டாத அபராதம் உண்டா என்பதையெல்லாம் அரசின் பரிவாகன் தளத்தில் பார்த்துவிடலாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்றியாக வேண்டும். விபத்தில்லாமல் ஓட்டியதற்கான போனஸ் பழைய உரிமையாளருக்குத்தான் சொந்தம், வண்டியோடு வராது. பெயர் மாற்றாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால் கோர்ட் வாசலில் நிற்பது வாங்கியவர் மட்டுமல்ல, விற்ற மாமாவும்தான்.

வண்டியைப் பார்க்கப் போவது காலை நேரமாக, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இருக்கட்டும். ஸ்டார்ட் செய்ததும் பின்னால் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். சீட்டுக்கு அடியில் சேறும் கார்பெட்டில் புழுக்க வாடையும் இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். 2015லும் 2023லும் சென்னையில் மூழ்கிய கார்கள் கொஞ்சநஞ்சமல்ல. தெரிந்த மெக்கானிக்குக்குக் கொடுக்கும் 500 ரூபாய் பின்னால் 50,000 ரூபாயைக் காப்பாற்றும்.

கடைசிப் பரீட்சை சாலையில். வி.கோட்டாவைத் தாண்டி பேரணாம்பட்டுக்கு இறங்கும் பத்தலப்பல்லி மலைப்பாதையில் நாலு பேரோடு ஏறும்போது 800 சி.சி. எஞ்சின் இரண்டாவது கியரில் முனகும். அடிக்கடி மலை இறங்குகிறவர் 1,000 சி.சி. வண்டியாகப் பார்ப்பது உத்தமம். இறக்கத்தில் நியூட்ரலில் விடாமல் கியரிலேயே இறங்குவதும், ஏற்றத்தில் நின்ற வண்டியை ஹேண்ட் பிரேக்கோடு கிளப்புவதும் டிரைவிங் ஸ்கூலில் முழுதாக வருவதில்லை. பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பகலில், காலி வண்டியோடு பழக வேண்டும்.

பெங்களூர்-சென்னை விரைவுச் சாலை வேறு ஆசை காட்டுகிறது. ஹோஸ்கோட்டிலிருந்து பேத்தமங்கலம் வரை சுமார் 70 கி.மீ. தூரத்துக்கு 2024 இறுதியில் வண்டிகள் ஓடத் தொடங்கின. பைக்குக்கும் ஆட்டோவுக்கும் அங்கே அனுமதியில்லை. கார் வாங்கப் பலருக்கு அதுவே ஒரு காரணம். மணிக்கு 120 கி.மீ. வேகத்துக்குப் போட்ட சாலை அது. திறந்த சில மாதங்களிலேயே அங்கே உயிர்ப்பலி விபத்துகள் நடந்தன. லைசென்ஸ் வாங்கி ஒரு மாதமான கைக்கு அது ஏற்றதல்ல. ராபர்ட்சன்பேட்டை கடைத்தெரு நெரிசலிலும் கோலார் ரோட்டிலும் சில ஆயிரம் கி.மீ. ஓட்டிய பிறகு போகலாம்.

எல்லாம் முடிந்து வண்டி வந்து சேர்கிறது. மஞ்சள், குங்குமம், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். சில வீடுகளில் பாதிரியாரின் ஜெபம். தெருவே வந்து பார்க்கிறது. பெரியவர் முன் சீட்டில் உட்கார்ந்து பேத்தமங்கலம் ஏரி வரை ஒரு சுற்று. மறுநாள் விடியற்காலையில் வண்டி தூசி படிந்து சந்து முனையில் நிற்கிறது. அதன் சொந்தக்காரர் டிபன் டப்பாவோடு அதைத் தாண்டி, ரயிலைப் பிடிக்க நடக்கிறார்.