ஒரு வளைகோடு

முன்பின் அறியாத இருபதின்மரை வட்டமாக இருத்தி, பெயரையும் ஊரையும் ஒவ்வொருவராக எழுந்து சொல்லுமாறு கேட்பதே நம்மிடையே வழங்கும் அறிமுக முறையாகும். மூதூரில் அம்முறை செல்லாது என்பதை 2016 ஆம் ஆண்டில் நான் கண்டேன். அங்கே பெயரைச் சொன்னால் சமயம் தெரிந்துவிடும்; ஊரைச் சொன்னால் 2006 இல் எத்திசை நோக்கி ஓடினார் என்பதும் தெரிந்துவிடும். சம்பூர்ப் பக்கத்தார் அவ்வாண்டு ஏப்ரலில் வாகரை நோக்கி இடம்பெயர்ந்தனர். மூதூர் நகர முஸ்லிம்கள் ஆகஸ்டில் கந்தளாய்க்குச் சென்றனர். பின்னவர் விரைவில் மீண்டனர். முன்னவருட் பலரோ கிளிவெட்டி, பட்டித்திடல் முதலிய முகாம்களிற் காலங்கழித்து, பத்தாண்டின் பின்னரே ஊர் திரும்பிக்கொண்டிருந்தனர்.

ஆகவே, பேசவைப்பதன் முன் வரையவைப்போம் எனத் துணிந்தேன். இஃது என் கண்டுபிடிப்பன்று. மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் சிறார் களிமண்ணும் வண்ணமும் கொண்டு ஒருங்கே விளையாடியதை அறிந்திருந்தேன். வினிக்கொட் என்னும் ஆங்கிலேய உளப்பகுப்பாய்வாளர், தாம் இட்ட கிறுக்கலைக் குழந்தை உருவமாக்கவும், குழந்தையின் கிறுக்கலைத் தாம் உருவமாக்கவும் மாறிமாறி ஆடியதைப் படித்துமிருந்தேன்.

படித்தவன் செய்த முதற் காரியம் பிழைத்தது. கடதாசியை மூன்றாக மடித்து, ஒருவர் தலையையும் அடுத்தவர் உடலையும் மூன்றாமவர் கால்களையும் காணாமலே வரையும் விளையாட்டைக் கூறினேன். ஓர் இளைஞர் பென்சிலை மெல்லக் கீழே வைத்தார்.

"உயிருள்ளதை நான் கீறமாட்டேன், சேர்."

குரலிற் சினமில்லை. ஆனால் ஏனைய பென்சில்களும் நின்றுவிட்டன. முஸ்லிம்கள் யாவரும் அவ்வாறு கருதுவதில்லை. கருதுவோர் உண்டென்பதையேனும் நான் எண்ணியிருக்க வேண்டும். நெருக்க வந்தவனே வேலியொன்றை நட்டுவிட்டேன்.

பின்னர் தரையில் நீண்ட கடதாசியொன்றை விரித்து, ஒரு வளைகோடு மாத்திரம் இட்டேன். உயிருள்ளது வேண்டாம், பேச்சு வேண்டாம், அழிறப்பரும் இல்லை என்றேன். நெடுநேரம் எவரும் அசையவில்லை. அவ்விளைஞரே குனிந்து, கோட்டின் நடுவே ஓர் இறங்குதுறையைக் கீறினார். அக்கணமே அது எல்லோருக்கும் கொட்டியாரக் குடாவாயிற்று. திருகோணமலை செல்லும் லோஞ்சை வரைந்தவர் அதன் புகைபோக்கியை லோஞ்சினும் பெரிதாக்கிவிட, சிரிப்பெழுந்தது. மகாவலி கடலிற் கலக்குமிடம் எதுவென்பதில் மௌனவிதி முறிந்து ஒரு வழக்கே நடந்தது; நான் தலையிடவில்லை.

சம்பூர்ப் பெண்ணொருவர் மட்டும் ஓரத்தில் ஒரு சிறு வட்டத்தையே திரும்பத் திரும்பக் கீறிக்கொண்டிருந்தார்.

"அது என்ன?" என்றார் இளைஞர்.

"எங்கட வளவுக் கிணறு. வீடு இல்ல. கிணறு மட்டும் இரிக்கு."

"தண்ணி நல்லமா?"

"இறைச்சுத்தான் பார்க்கணும்."

இளைஞர் வட்டத்தின் அருகே வாளியும் கயிறும் வரைந்தார். கயிறு காணாது என்றார் அவர். இவர் இன்னும் சற்று நீட்டினார்.

வரவுப் பட்டியலிற் பெயர்களைப் பதிய மறந்தமைக்காக அன்று மாலை ஏற்பாட்டாளரிடம் ஏச்சு வாங்கினேன்.