தாளம் போட்டுக் கேட்க வேண்டிய தட்டுகள்

ஹவுன்ஸ்லோ என்றால் லண்டன்காரருக்கு விமானச் சத்தம்தான். ராக் இசைத்தட்டுத் தேடுகிறவனுக்கு இது வேறு ஊர். லெட் செப்பலினின் ஜிம்மி பேஜ் 1944இல் பிறந்தது இங்கே ஹெஸ்டனில். டீப் பர்ப்பிளின் ரிச்சி பிளாக்மோர் சிறுவயதில் வளர்ந்ததும் அதே ஹெஸ்டன். அந்தக் குழுவின் பாடகர் இயன் கில்லனும் ஜெனிசிஸின் ஃபில் கொலின்சும் ஹவுன்ஸ்லோப் பக்கத்துப் பிள்ளைகள். இவர்களுடைய தட்டுகளைத் தேடவே வேண்டாம்; சாரிட்டி கடைப் பெட்டிகளில் தானாகக் கையில் அகப்படும். நான் தேடுவது அதே பெட்டியில், அவர்களுக்குப் பின்னால், யாரும் புரட்டாமல் கிடப்பவற்றை.

மிருதங்கம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். 1969க்கும் 1980க்கும் இடையில் வந்த புரோகிரசிவ் ராக், ஜாஸ் ராக் தட்டுகளிடம் என்னை இழுத்து வந்ததும் அந்தத் தொழில்தான். நான்கு நான்காக எண்ணிப் பழகிய ராக் ரசிகர்களுக்கு ஐந்தும் ஏழும் ஒன்பதும் வித்தையாகத் தெரிந்தன. நமக்கு அவை கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம்; பிள்ளைகள் முதல் சில வருடங்களிலேயே வாயால் சொல்லிப் பழகும் பாடம். 1969இல் எக் என்ற மூவர் குழு, கிட்டாரே இல்லாமல் ஆர்கன், பேஸ், டிரம்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு, 'செவன் இஸ் எ ஜாலி குட் டைம்' என்று ஒரு சின்னத் தட்டு போட்டது. ஏழு எண்ணிக்கையைக் கொண்டாடுவதற்கென்றே ஒரு பாட்டு! மிஸ்ர சாபுவில் ஊறியவனுக்கு அதைக் கேட்டால் சிரிப்பும் வரும், பாசமும் வரும். அதன்பின் 1970, 1971இல் டெராம் லேபிளில் வந்த அவர்களுடைய இரண்டு நெடுந்தட்டுகளை இன்றும் அதிகம் பேர் தேடுவதில்லை.

எக் குழுவில் எனக்கு ஒரு குறையும் உண்டு. ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம், தாளம் தொடங்கும் சமத்தை விரலால் சுட்டிக் காட்டுவார்கள். எண்ணிக்கை தவறிவிடுமோ என்ற பயம் கேட்கிறவனுக்கும் தொற்றிக்கொள்ளும். லயம் உள்ளே இறங்கியவர்கள் சமத்தை ஒளித்து வைத்து விளையாடுவார்கள். அந்த விளையாட்டை எனக்குக் காட்டிய தட்டு பிராண்ட் எக்ஸ் குழுவின் 'அன்ஆர்த்தடாக்ஸ் பிஹேவியர்'. 1976இல் வந்தது. டிரம்ஸ், நம் ஹவுன்ஸ்லோ ஃபில் கொலின்ஸ். அவரைக் காதல் பாட்டுக்காரராக மட்டும் தெரிந்தவர்கள் இதை ஒருமுறை கேட்டால் போதும். பலமான அடிகளுக்கு நடுவே இடக்கை மெல்ல மெல்ல நிரப்பிக்கொண்டே போகும். பெர்சி ஜோன்ஸ் வாசிக்கும் பேஸில் மெட்டுகள் கிடையாது. அதனால் சுரம் வழுக்கி ஏறி இறங்கும். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் உள்ளங்கை நகர்த்திக் கும்கி எடுக்கும்போது வருகிற அதே குழைவு. அடுத்த ஆண்டு வந்த 'மொரோக்கன் ரோல்' தட்டின் முதல் பாட்டில் கொலின்ஸ் சமஸ்கிருத வரிகளைப் பாடுகிறார். அது பெரிய வெற்றி என்று சொல்லமாட்டேன். ஆனால் தட்டின் மற்றப் பகுதிகளில் நால்வரும் ஐவரும் சேர்ந்து வாசிக்கும் கட்டு எனக்கு அலுத்ததில்லை.

'அன்ஆர்த்தடாக்ஸ் பிஹேவியர்' பதிவானது லண்டன் சோஹோவில் இருந்த ட்ரைடெண்ட் ஸ்டூடியோவில். 1976 ஆகஸ்டில் அதே ஸ்டூடியோவுக்குள் ஒரு கடத்தோடு விக்கு விநாயக்ராம் போனார். எல். சங்கரின் வயலின், ஸாகிர் உசேனின் தபலா, ஜான் மெக்லாலினின் கிட்டார். குழுவின் பெயர் சக்தி; தட்டின் பெயர் 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி'. முதல் பாட்டு தொடங்குவதே கொன்னக்கோலில். கருவி எதுவும் இல்லை, வாய்ச்சொல் மட்டும். எழுபதுகளின் லண்டனில், எலெக்ட்ரிக் சத்தத்துக்காகக் காசு கொடுத்து வாங்கியவன் ஊசியை வைத்ததும் காதில் விழுந்தது தகதிமி. அவன் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன்.

மெக்லாலின் அதற்கு முன் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவோடு உலகப் புகழ் பெற்றிருந்தார். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். தன் கிட்டாரையும் மாற்றிச் செய்வித்தார். குறுக்கே போகும் பரிவு அதிர்வுத் தந்திகள் ஏழு. மெட்டுகளுக்கு இடையில் மரம் குழிவாகச் செதுக்கப்பட்டது, விரல் அழுத்தினால் தந்தி கீழே இறங்கிச் சுரம் வளையும்படி. கமகத்துக்காகச் செய்த வேலை அது. சக்தியின் முதல் தட்டில் மிருதங்கம் வாசித்த ராமநாதபுரம் ராகவனும் வெஸ்லியனில் சொல்லிக்கொடுத்தவர்தான். சங்கர் அங்கேயே முனைவர் பட்டம் எடுத்தவர்.

இவ்வளவு கூடி வந்தும் சக்தியின் மூன்று தட்டுகளும் ஏன் ஓரத்தில் நின்றன? ராக் ரசிகனுக்கு மின்சாரம் போதவில்லை. ஜாஸ் ரசிகனுக்கு டிரம்ஸ் இல்லை. சபா ரசிகருக்கு கிட்டார் இருந்தது குற்றமாகப் பட்டது. கடைக்காரனுக்கு எந்தப் பெட்டியில் வைப்பதென்று தெரியவில்லை. 1977இன் 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' மூன்றாவது. அதோடு நிறுத்திவிட்டு 1978இல் மெக்லாலின் 'எலெக்ட்ரிக் கிட்டாரிஸ்ட்' என்று தலைப்பிலேயே அறிவித்து மின்சாரத்துக்குத் திரும்பினார்.

இன்னொரு காரணத்தை ஊசி வைத்துத் தேய்க்கிறவன் மட்டும்தான் சொல்வான். 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நேரடியாகப் பதிவாகி, 1976இல் வந்தது முதல் தட்டு. அதன் இரண்டாம் பக்கம் முழுதும் ஒரே உருப்படி, ஏறக்குறைய 29 நிமிடம். நெடுந்தட்டின் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் சுகம். அதற்கு மேல் போனால் தடங்களை நெருக்கி வெட்ட வேண்டும். நெருக்கினால் ஒலியைக் குறைத்தே வெட்ட முடியும். ஒலி குறைந்தால் தூசியின் சரசரப்பு மேலே வரும். போதாததற்கு, தட்டின் விளிம்பில் ஊசிக்குக் கீழே நொடிக்கு அரை மீட்டர் தடம் ஓடுகிறது. லேபிள் பக்கம் வரும்போது அது இருபது சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். தனியாவர்த்தனம் கடைசியில்தானே உச்சத்துக்கு வரும்? கடத்தின் கூர்மையான விரலடிகள் நெரிசலான அந்த உள்தடங்களில் விழுகின்றன. தேய்ந்த ஊசியில் அவை வெறும் பொரிச் சத்தமாகக் கேட்கும். இந்தத் தட்டு மங்கலாக இருக்கிறது என்று கைவிட்டவர்களில் பாதிப் பேர் குறை சொல்லியிருக்க வேண்டியது தங்கள் ஊசியை.

ஆகவே சுத்தம் செய்வதில் நான் பிடிவாதக்காரன். வடித்த நீர், அதில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மிருதுவான துணி, தடத்தின் போக்கிலேயே கை. குறுக்கே தேய்க்கக் கூடாது. லேபிள் நனையக் கூடாது. வீட்டில் தாத்தா காலத்து 78 சுற்று அரக்குத் தட்டுகள் இருந்தால் இந்த ஆல்கஹால் கலவையை அவற்றின் பக்கமே கொண்டுபோக வேண்டாம், அரக்கு கரைந்துவிடும். வாங்கும்போது உறையை விட லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தைப் பாருங்கள். அங்கே கீறியிருக்கும் எண்தான் இது முதல் வெட்டா, பிந்தியதா என்று சொல்லும். 1973 எண்ணெய் நெருக்கடியில் பிளாஸ்டிக் தட்டுப்பாடு வந்தபின் தட்டுகள் மெலிந்தன. மெலிந்தது எல்லாம் மோசம் என்று நினைக்க வேண்டாம். கையில் கனமாக இருந்தும் காதுக்குக் கேவலமான மறுபதிப்புகளை இப்போது தாராளமாக விற்கிறார்கள்.

ஹவுன்ஸ்லோவில் இருப்பதில் இன்னொரு லாபம், ஹேஸ் பக்கத்தில் இருப்பது. இ.எம்.ஐ. நிறுவனத்தின் பெரிய தட்டுத் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. இப்போது அந்த வளாகத்தில் வீடுகள். கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயரும் ஜமைக்காவிலிருந்து வந்த ஜோ ஹாரியட்டும் லண்டனில் சேர்ந்து 1966இல் செய்த 'இந்தோ ஜாஸ் சூட்' இ.எம்.ஐ.யின் கொலம்பியா லேபிளில்தான் வந்தது. சக்திக்குப் பத்தாண்டு முன்னோடி. அதில் இரண்டு பக்கத்தாரும் ஒருவரையொருவர் மரியாதையாகக் காத்திருந்து வாசிப்பார்கள். சக்தியில் அந்த மரியாதை இல்லை, ஒருவர் வாயிலிருந்து மற்றவர் சொல்லைப் பிடுங்குவார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

வகுப்பு முடிந்தபின் சில நாள் தட்டுப் போடுவேன். ஒருநாள் சக்தி ஓடியபோது ஒரு பெடியன் கேட்டான்: "சேர், ஆர் இதில கடம் வாசிக்கிறது?"

"விக்கு விநாயக்ராம்."

"எந்த வருசம்?"

"1976. உங்கட அம்மா பிறக்கிறதுக்கு முதல்."

"வயலின் ஆர்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு எப்போதும் நேரம் எடுக்கும். எல். சங்கர் 1950இல் சென்னையில் பிறந்தவர், வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். தகப்பனார் வி. லட்சுமிநாராயணா அங்கே இசை ஆசிரியர். 1958 இலங்கை இனக்கலவரத்துக்குப் பின் குடும்பம் தீவை விட்டுப் போனது. நம்மில் பலருடைய குடும்பக் கதையின் ஓர் அத்தியாயம் அந்த வயலினுக்குள்ளும் இருக்கிறது. இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதற்காகச் சொல்லவில்லை, வரலாறு என்பதால் சொல்கிறேன்.

சங்கரின் பாதை சக்தியோடு நிற்கவில்லை. 1979இல் ஃபிராங்க் ஸாப்பா தயாரித்த 'டச் மீ தேர்' வந்தது. குறும்பு அதிகம், இசை குறைவு என்பது என் கணிப்பு. 1981இல் ஃபில் கொலின்ஸ் தன் முதல் தனித்தட்டு 'ஃபேஸ் வேல்யூ'வை வெளியிட்டபோது அதில் சங்கரின் வயலின் ஒலித்தது. லட்சக்கணக்கானோர் வீட்டில் அந்தத் தட்டு இருக்கிறது. ஹவுன்ஸ்லோவில் வளர்ந்தவரும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவரும் ஒரே தட்டில் இருக்கிறார்கள் என்பதை அதில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

நான் எல்லாரிடமும் வற்புறுத்துவது அதே காலத்தில் ஜெர்மனியின் இ.சி.எம். வெளியிட்ட சங்கரின் 'ஹூஸ் டு நோ'. மிருதங்கம் உமையாள்புரம் சிவராமன், தபலா ஸாகிர் உசேன், சங்கர் கையில் அவரே வடிவமைத்த பத்துத் தந்தி இரட்டை வயலின். முதல் பக்கம் ராகம் தானம் பல்லவி. ஐரோப்பிய ஜாஸ் நிறுவனம் ஒன்று பல்லவியை அப்படியே, இனிப்புத் தடவாமல் வெளியிட்டது. ஜாஸ் பெட்டியில் கிடந்தபடியால் கர்நாடக ரசிகர் கண்ணில் படவில்லை. பட்ட ஜாஸ்காரருக்குத் தாளம் போடத் தெரியவில்லை. சிவராமனின் மிருதங்கத்தில் வலந்தலையும் தொப்பியும் தனித்தனியே துலங்கும் பதிவு அந்தக் காலத் தட்டுகளில் அபூர்வம். இது அப்படி ஒன்று.

2023இல் சக்தி புதிய உறுப்பினர்களோடு 'திஸ் மொமென்ட்' வெளியிட்டது, அடுத்த ஆண்டு கிராமி விருதும் வந்தது. விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் அதில் இருக்கிறார். நல்ல தட்டுத்தான். ஆனால் எழுபதுகளின் மூன்றையும் கேட்காமல் அதில் தொடங்குவது, ஆலாபனையை விட்டுவிட்டுத் துக்கடாவுக்கு வருவது.

எழுபதுகளில் லண்டனுக்குப் படிக்க வந்த பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்களுடைய பழைய பெட்டிகளைச் சாரிட்டி கடைக்குக் கொடுக்குமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தட்டு அகப்படாவிட்டாலும் பரவாயில்லை, இவற்றில் பெரும்பாலானவை இணையத்திலேயே கேட்கக் கிடைக்கின்றன. 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி'யின் முதல் பாட்டில் தொடங்குங்கள். மிருதங்கமோ கடமோ பழகும் பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து, கையில் தாளம் போடச் சொல்லுங்கள்.